பாசத்துக்கு என்ன அத்தாட்சி?

போன வாரம் திருநெல்வேலி வருமான வரி ஆபீஸில் ஒரு சண்டை நடந்தது. அக்காவும் தம்பியும் போட்ட சண்டை. நான் நடுவில், மடியில் ஒரு ஃபைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்தவர்கள் சண்டையைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது.

ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் சிவகிரி வாசகர் ஒருவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

'சிங்கப்பூரில் இருக்கும் என் அண்ணன் எனக்கு ஒரு பெரிய தொகையை அன்பளிப்பாக அனுப்பப் போகிறார். இதை வரி ஆபீஸில் சொல்ல வேண்டுமா, சத்தம் காட்டாமல் இருந்துவிடலாமா?' என்று எழுதியிருக்கிறார். போஸ்ட் கார்டில்! அதைத் தபால்காரர் படித்துவிட்டார். தபால்காரர் சொல்லி எங்கள் தெருவே தெரிந்துகொண்டது. பால்காரர் என்னிடம், "அந்த சிவகிரிக்காரருக்கு என்ன பதில் போட்டீங்க?" என்று கேட்கிறார். இனிமேல் சத்தம் காட்டாமல் இருப்பது சிரமம் ஐயா. சொல்லிவிடுங்கள்.

இந்தப் பத்திக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் சங்கரன்கோவிலில் வரிக் கணக்கு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவன். ஊரில் என்னை ஆடிட்டர் என்பார்கள். நான் ஆடிட்டர் இல்லை. அந்தப் பரீட்சைக்குப் பணம்கூடக் கட்டியதில்லை. ஆரம்பத்தில் மறுத்துப் பார்த்தேன். 'ஆடிட்டர் அண்ணாச்சிக்கு எவ்வளவு அடக்கம்!' என்று மரியாதை இன்னும் கூடியது. அதோடு மறுப்பதை நிறுத்திக்கொண்டேன்.

சரி, ரூல் என்ன சொல்கிறது?

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் அன்பளிப்பாக அனுப்புகிற பணம் உங்கள் வருமானம் இல்லை. அதற்கு நீங்கள் வரி கட்ட வேண்டாம். நல்ல செய்திதானே? ஆனால் அது அன்பளிப்புதான் என்று நீங்கள் காட்ட வேண்டும். கொடுத்தவர் யார், அவ்வளவு கொடுக்க அவருக்கு வசதி உண்டா, பணம் பாங்க் வழியாக வந்ததா — இந்த மூன்றுக்கும் பேப்பர் கிடைத்துவிடும். பாஸ்போர்ட் போட்டோஸ்டாட், சம்பளச் சர்ட்டிபிகேட், டிராப்ட் நகல்... ஒரு பின் குத்தினால் முடிந்தது.

நாலாவது ஒன்று இருக்கிறது. ஏன் கொடுத்தார்?

அதற்கு, கொடுத்தவர் ஒரு வாக்குமூலம் எழுதித் தர வேண்டும். நேச்சுரல் லவ் அண்ட் அஃபெக்‌ஷன் காரணமாகக் கொடுத்தேன், பதிலுக்கு எதையும் வாங்கவில்லை, வாங்கப் போவதும் இல்லை... இப்படி. ஆபீஸர்களைக் குறை சொல்ல முடியாது. நம் ஊர்க் கறுப்புப் பணமே கள்ளத்தனமாகக் கப்பலேறிப் போய், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அன்பளிப்பாகத் திரும்பி வருகிற காலம் இது. முன்பின் தெரியாத ஆட்களுக்கெல்லாம் திடீர் திடீரென்று பாசம் பொங்குகிறது. அதனால் அவர்கள் பாசத்தைத் தோண்டித் துருவிப் பார்க்கிறார்கள்.

எனக்கோ பாசம் என்றாலே கொஞ்சம் ஒவ்வாமை. கல்யாண வீட்டில் பெண்ணை அனுப்பும்போது அழ ஆரம்பித்தார்கள் என்றால், நான் மெதுவாக எழுந்து செருப்பைத் தேடப் போய்விடுவேன். அப்பேர்ப்பட்டவன் கையில்தான் ஆவுடையம்மாள் ஒரு பழுப்புக் கவரைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆவுடையம்மாள் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. புருஷன் வேறொருத்தர் தறிக்கூடத்தில் கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்தவர், போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. இப்போது வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, இரண்டு விசைத்தறி வைத்து அவளே ஓட்டுகிறாள். நூலறுந்தால் முடிச்சுப் போடுவதிலிருந்து துண்டை மடித்துக் கட்டிக் கடையில் போடுவது வரை எல்லாம் அவள்தான். கரண்ட் இருக்கும்போது அந்தப் பக்கம் போனால் அவளோடு கையால்தான் பேச வேண்டும்.

கவருக்குள் வரி ஆபீஸ் நோட்டீஸ் இருந்தது. தறி விற்ற முதலாளியின் கணக்கைப் பார்த்தபோது, வாங்கியவள் பெயரும் சேர்ந்து போயிருக்கிறது. தறி வாங்க உனக்குப் பணம் ஏது?

"பாண்டி அனுப்புனான்" என்றாள்.

பாண்டி என்பது அவள் தம்பி சங்கரபாண்டி. குவைத்தில் கிரேன் ஓட்டுகிறான். அத்தான் செத்ததற்கு விமானத்தில் வந்துவிட்டுப் போனவன், போன சில மாதத்தில் அக்கா பேருக்கு ஒரு லட்ச ரூபாய்க்கு டிராப்ட் எடுத்து அனுப்பியிருக்கிறான். பாங்க் வழியாக. ரிஜிஸ்தர் தபாலில். எனக்கு உற்சாகமாகிவிட்டது. இதைவிடச் சுத்தமான கேஸ் வருமா?

"கூட லெட்டர் ஏதும் வந்துச்சா?" என்று கேட்டேன்.

"லெட்டரா? அவன் எங்கூடப் பேசமாட்டாம்லா" என்றாள்.

உற்சாகம் குறைந்தது.

விஷயம் இதுதான். பல வருஷத்துக்கு முன்னால் ஆவுடையம்மாளின் மகளுக்குச் சடங்கு வைத்திருந்தார்கள். சடங்கில் பெண்ணுக்கு முதலில் உடுத்த வேண்டியது தாய்மாமன் கொண்டுவருகிற சேலை. சங்கரபாண்டி அப்போது ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வேலை பார்த்தான். தட்டு, பழம், சேலை எல்லாவற்றோடும் பஸ் ஏறியிருக்கிறான். பஸ் கரிவலம்வந்தநல்லூர் தாண்டி டயர் வெடித்து நின்றுவிட்டது. இங்கே நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. ஆவுடையம்மாளின் புருஷனுக்கோ நேரம் காலத்தில் அபார நம்பிக்கை. 'எவ்வளவு நேரம்தான் பாக்கது?' என்று தன் தங்கச்சி வாங்கிவந்த சேலையை உடுத்தச் சொல்லிவிட்டார். மாமன் வந்து நிற்கும்போது பெண் அத்தை சேலையில் மணையில் உட்கார்ந்திருந்தாள்.

சங்கரபாண்டி தட்டை நடையில் வைத்தான். திரும்பி நடந்து போய்விட்டான்.

அன்றிலிருந்து, அவன் குவைத்துக்குக் கிரேன் ஓட்டப் போன பிறகும், பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் — இதுதான் நம் ஊர் — முறை நிற்கவில்லை. தீபாவளிக்கு மணியார்டர். பொங்கலுக்கு மணியார்டர். அக்கா மகள் கல்யாணத்துக்கு நகை. அத்தான் செத்தபோது பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைக் கொண்டுவந்து போட்டான். எல்லாம் ஒரு வார்த்தை பேசாமல். மணியார்டர் பாரத்தில் நாலு வரி எழுத இடம் விட்டிருப்பார்களே, அது ஒவ்வொரு வருஷமும் வெள்ளையாகவே வந்து சேர்ந்தது.

சரி, பேசாவிட்டால் என்ன? எழுதித் தரட்டுமே என்று நான் வாக்குமூலம் தயார் செய்தேன். வழக்கமாக இங்கிலீஷில்தான் அடித்து அனுப்புவேன். கிரேன் ஓட்டுகிற பையன், புரியாமல் கையெழுத்துப் போட வேண்டாமே என்று நல்ல எண்ணத்தில் தமிழில் எழுதினேன். கொஞ்சம் நன்றாகவே எழுதினேன் என்று எனக்கு நினைப்பு. 'என் உடன்பிறந்த அருமைத் தமக்கை மீது எனக்குள்ள இயற்கையான அன்பினாலும் பாசத்தினாலும் மனமுவந்து கொடுத்தது' என்று ஒரு வரி. கூடவே ஒரு குறிப்பு — எங்கேயாவது திருத்தினால் அந்த இடத்தில் சின்னக் கையெழுத்துப் போட வேண்டும் என்று.

ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பி வந்தது. பாஸ்போர்ட் நகல் இருந்தது. சம்பளச் சர்ட்டிபிகேட் இருந்தது. கடைசியில் கையெழுத்தும் இருந்தது. அந்த ஒரு வரி மட்டும் இல்லை. அடிக்குச்சி வைத்து நேராகக் கோடு போட்டு அடித்திருந்தான். மேலே, 'பிறந்த வீட்டு முறைக்குக் கொடுத்தது' என்று எழுதியிருந்தான். திருத்திய இடத்தில் என் குறிப்புப்படி சின்னக் கையெழுத்தும் போட்டிருந்தான்.

இதில் என்ன கெட்டுப்போயிற்று என்கிறீர்களா?

சட்டத்தைப் பொறுத்தவரை எல்லாமே கெட்டுப்போயிற்று. பாசத்தில் கொடுத்தால் அன்பளிப்பு. கடமைக்குக் கொடுத்தால்? கடமை என்றால் ஏதோ பாக்கி இருக்கிறது என்று அர்த்தமாகிவிடும். என்ன பாக்கி, யாருக்குப் பாக்கி, எதற்குப் பாக்கி என்று கேள்வி கிளம்பும். பதிலுக்கு ஒன்றை எதிர்பார்த்துக் கொடுப்பதெல்லாம் அன்பளிப்பில் சேராது.

நான் யோசித்துப் பார்த்தேன். இந்தக் கணக்குப்படி சங்கரன்கோவில் தாலுகாவில் யாராவது யாருக்காவது அன்பளிப்பு கொடுத்திருக்கிறார்களா? மொய் எழுதுகிறோம், திரும்பி வர வேண்டும். சீர் செய்கிறோம், செய்யாவிட்டால் ஊர் பேசும். பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போகும்போது ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிப் போகிறோம், அவர்கள் வாங்கி வந்தார்களே என்று. முறை இல்லாமல் சும்மா பாசத்தில் ஒரு லட்ச ரூபாய் கொடுத்தான் என்றால் நம் ஊரில் அவனை டாக்டரிடம் கூட்டிப் போவார்கள். புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் போய்க் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

வேறு வழியில்லை. உள்ளதை உள்ளபடி ஆபீஸில் கொடுத்தேன். ஆபீஸர் சின்ன வயசு, வடக்கே ஏதோ டெல்டா பக்கத்து ஊர்க்காரர். ரொம்பத் தன்மையானவர். அடித்த வரியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தார். "அந்த அம்மாவைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

பஸ்ஸில் போகும்போது ஆவுடையம்மாளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். "பாசம் உண்டான்னு கேப்பாங்க. உண்டுன்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாத." தலையை ஆட்டினாள். நன்றாக ஆட்டினாள்.

"சங்கரபாண்டி உங்க சொந்தத் தம்பியாம்மா?" என்றார் ஆபீஸர்.

"கூடப் பொறந்தவன் சார். அம்மா வயக்காட்டுக்குப் போயிருவா. நாந்தான் இடுப்புல தூக்கிக்கிட்டு அலைஞ்சேன்."

பிரமாதம் என்று நினைத்துக்கொண்டேன்.

"அவருக்கு உங்க மேல பாசம் உண்டா?"

ஆவுடையம்மாள் என்னைப் பார்த்தாள். பிறகு ஆபீஸரைப் பார்த்தாள். பிறகு மேஜையைப் பார்த்தாள்.

"அவன் எங்கூடப் பேசமாட்டான் சார்."

ஆபீஸர் எழுதிக்கொண்டார்.

"பேசாதவர் எதுக்கும்மா லட்ச ரூபா கொடுக்கணும்?"

"பொறந்த வீட்டு முறைலா சார்? அவன் குடுக்காம பக்கத்து வீட்டுக்காரனா வந்து குடுப்பான்?"

"அப்போ கடமைக்குக் கொடுத்தாருன்னு சொல்றீங்க."

"ஆமா சார்."

"பதிலுக்கு நீங்க ஏதும் செய்யணுமா?"

நான் இருமினேன். பலமாக இருமினேன். அவள் எனக்குத் தண்ணீர் வேண்டுமா என்று பார்த்துவிட்டுப் பதில் சொன்னாள்.

"செய்யாம? அவனுக்கும் ஒரு பொட்டப்புள்ள இருக்குல்லா. அத்தை முறைன்னு நாளைக்கு நாந்தான செய்யணும்?"

ஆபீஸர் அதையும் எழுதிக்கொண்டார். நான் ஃபைலை மூடிவிட்டேன்.

வெளியே வந்து நிலைமையைச் சொன்னேன். அன்பளிப்பு இல்லை என்று முடிவானால் அந்த லட்சமும் அவள் மறைத்து வைத்த வருமானம் என்றாகிவிடும். வரி, வட்டி, அதற்கு மேல் அபராதம். அதைக் கட்டுவதற்கு அவளிடம் விற்க இருப்பது இரண்டு தறிதான். விற்றால் புருஷனைப் போல எவன் தறிக்கூடத்திலாவது கூலிக்கு நிற்க வேண்டியதுதான். சொல்லிவிட்டு, கோபத்தில் நான் கொஞ்சம் கத்தியும்விட்டேன். "உண்டுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன கொறஞ்சா போயிரும்?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"இருக்குன்னு நான் எப்பிடி அண்ணாச்சி சொல்ல? அது இருக்கா இல்லையான்னு அவன்லா சொல்லணும்?"

இந்த வாதத்துக்கு இன்கம்டாக்ஸ் ஆக்டில் பதில் இல்லை.

குவைத்துக்கு எழுதினேன். லீவில் வரும்போது ஆபீஸுக்கு ஒருமுறை நேரில் வந்துவிட்டுப் போ, இல்லையென்றால் அக்கா தறியை விற்க வேண்டிவரும் என்று. லீவு வருகிறவரை தவணை கேட்டு ஆபீஸருக்கும் ஒரு மனு கொடுத்தேன். பதில் வரவில்லை, ஆள் வந்துவிட்டான். போன மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் என் வீட்டு வாசலில் நின்றான். கையில் ஒரு டார்ச் லைட், இரண்டு சோப்பு. எனக்காம்.

"ஏந் தம்பி அந்த வரிய அடிச்சே?" என்று கேட்டேன்.

அவன் முகம் சிவந்துவிட்டது. நாற்பது வயசு ஆள். கிரேனில் மாடி உயரத்துக்கு இரும்பைத் தூக்கி வைக்கிறவன்.

"அப்பிடி எழுதுனா நல்லாவா இருக்கும் அண்ணாச்சி? கூடப் பொறந்தவளுக்கு எழுதுத வார்த்தையா அது? சினிமாவுல பேசுத மாதிரில்லா இருக்கு. நாளைக்கு அவ கையில கெடச்சு வாசிச்சான்னு வைங்க... இவனுக்கு வந்த பாசத்தப் பாருன்னு சிரிக்கமாட்டாளா?"

"உண்மையத்தான எழுதச் சொல்லுதேன்?"

"உண்மைன்னா எழுதணுமா?" என்றான். டார்ச் லைட்டை ஒருமுறை போட்டு அணைத்தான். "ஏன் அண்ணாச்சி, சர்க்காருக்கு எதுக்கு இதெல்லாம்?"

நானும் இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அது.

போன வாரம் மூன்று பேரும் திருநெல்வேலி போனோம். ஆவுடையம்மாள் பஸ்ஸில் முன்னால் பெண்கள் சீட்டில். சங்கரபாண்டி கடைசி சீட்டில். நான் நடுவில். நடுவில் பஸ் நின்றபோது அவன் இறங்கிப்போய் ஒரு சுக்குக் காப்பியை என் கையில் கொடுத்து, "அவுகளுக்கு டீ சேராது, நெஞ்சு கரிக்கும்" என்றான். கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் குடித்துவிட்டு, "காசு குடுத்திருங்க அண்ணாச்சி" என்று என் கையில் சில்லறையைத் திணித்தாள். அதை அவனிடம் கொண்டுபோனால் அவன் வாங்கவில்லை. பஸ் கிளம்பும்வரை நான் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தேன்.

ஆபீஸர் அறையில் மூன்று நாற்காலி. மறுபடியும் நான் நடுவில்.

ஆபீஸர் அவனிடம் அடித்த வரியைக் காட்டினார். "இது நீங்க அடிச்சதுதானா?"

"ஆமா சார்."

"பாசத்துல கொடுக்கலையா?"

"முறைக்குக் குடுத்தேன் சார்."

"அக்கா மேல பாசம் இல்லையா?"

"முறைன்னா அதுல எல்லாம் அடக்கம்லா சார்" என்றான். இதைச் சொல்லவே அவனுக்கு வேர்த்துவிட்டது.

ஆபீஸர் பேனாவை உருட்டினார். அவருக்கும் தர்மசங்கடம்தான் என்று எனக்குத் தெரிந்தது. "பாருங்க, நீங்களும் கடமைன்னு சொல்றீங்க. அவங்களும் பதிலுக்குச் செய்யணும்னு சொல்றாங்க. இதை அன்பளிப்புன்னு நான் எழுத முடியாது. அவங்க வருமானமா எடுத்து வரியும் அபராதமும்தான் போடணும்."

"எவ்வளவு வரும் சார்?"

ஆபீஸர் உத்தேசமாக ஒரு தொகை சொன்னார். ஆவுடையம்மாள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சங்கரபாண்டி யோசிக்கவே இல்லை. "சரி சார். அதையும் நானே கட்டிருதேன்" என்றான்.

ஆபீஸர் நிமிர்ந்தார். "வரி அவங்களுக்கு. நீங்க ஏன் கட்டணும்? அதுவும் பிறந்த வீட்டு முறையா?"

"இல்ல சார். இதுக்கெல்லாம் முறை கெடையாது."

"பின்னே எதுக்குக் கட்டறீங்க?"

அவன் வாயைத் திறந்தான். மூடினான். என்னைப் பார்த்தான். என்னிடம் என்ன இருக்கிறது, அவனுக்குக் கொடுக்க?

அப்போதுதான் என் இடது பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை.

"ஏலே! ஒனக்கென்ன கோட்டியா புடிச்சிருக்கு? குடுத்தது காணாதா? வெயில்ல கெடந்து வெந்து சம்பாரிச்சத இங்கன கொண்டாந்து கொட்டுதியோ? ஒனக்குன்னு ஒரு பிள்ளை இருக்கா இல்லையா? ஒரு பைசா கட்டப்படாது, சொல்லிட்டேன்!"

"எக்கா, நீ சும்மா இரு. ஒனக்கு ஒண்ணும் தெரியாது."

எக்கா! அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை அவனே கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அவளும் கவனித்தாள். ஒரு நொடி தடுமாறிவிட்டு, இன்னும் வேகமாகப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதா? தறிய வித்துக் கட்டுதேன். கூலிக்குப் போறேன். எனக்கென்ன கை இல்லையா? அன்னைக்குத் தட்ட நடையில வச்சிட்டு விருட்டுன்னு போனவந்தான நீ? இப்பம் என்ன கட்டுதேன் கிட்டுதேன்னு?"

"நீ ஏன் கூப்புடல? 'பாண்டி, உள்ள வாலே'ன்னு ஒரு வார்த்தை கூப்புட்டிருந்தா வந்திருக்கமாட்டனா?"

"கூப்புட்டேம்லே! வாசல் வரைக்கும் ஓடியாந்து கூப்புட்டேன். நீ திரும்பிப் பாத்தியா? அந்த மேளக்காரன் போட்ட போடுல ஒனக்குக் கேக்கலைன்னா அதுக்கு நானா பொறுப்பு?"

"கேக்கலியே..." என்றான்.

"கேக்கலைன்னா திரும்பிப் பாக்கணும்! இத்தனை வருசமா ஒருக்க திரும்பிப் பாத்திருப்பியாலே நீ?"

அவன் கர்ச்சீப்பை எடுத்தான். வேர்வையைத் துடைக்கிறவன் மாதிரி முகத்தைத் துடைத்தான். வேர்வை எங்கே இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? கண்ணிலேயா இருக்கும்?

சத்தம் கேட்டு ஆபீஸ் பியூன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். ஆபீஸர் ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினார். கதவு மூடிக்கொண்டது. அறையில் மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கம்போல எழுந்துபோய்த் தேடலாம் என்றால் செருப்பு காலிலேயே கிடந்தது. உட்கார்ந்திருந்தேன். அழுகிறவர்களுக்கு நடுவில், எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தது எனக்கு அதுதான் முதல் தடவை. அப்படி ஒன்றும் மோசமாக இல்லை.

"சண்டை முடிஞ்சதா?" என்றார் ஆபீஸர். பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

அவர் எழுதியதை நான் எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாகப் படித்தேன். என் தொழிலில் அதைக் கற்றுக்கொள்ளாமல் முடியாது. இங்கிலீஷில் எழுதியிருந்ததன் சாரம் இது: கொடுத்தவரும் பெற்றவரும் நேரில் விசாரிக்கப்பட்டனர். எந்த வழக்கத்துக்கும் கட்டுப்படாமல் பெற்றவரின் சுமையைத் தானே ஏற்கக் கொடுத்தவர் முன்வந்தார். பெற்றவர் அதைக் கடுமையாக மறுத்தார். இருவருக்கும் இடையே உள்ள அன்பு குறித்து ஐயத்துக்கு இடமில்லை. அன்பளிப்பு ஏற்றுக்கொள்ளப்படுகிறது.

'கடுமையாக' என்ற இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, சரியான வார்த்தையைத் தேடிவிட்டுத்தான் போட்டார்.

தறி தப்பித்தது. நான் ஆவுடையம்மாளிடம் கண்ணைக் காட்டினேன். அவளுக்குப் புரிந்தது. கை நாற்காலியை விட்டது.

"ஒரே ஒரு விஷயம்" என்றார் ஆபீஸர். "அடிச்சு எழுதின பேப்பர் ஃபைல்ல இருக்கக் கூடாது. புதுசா ஒண்ணு டைப் பண்ணித் தரச் சொல்றேன். அதுல கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க."

மறுபடியும் அந்த வரியா? அடிக்குச்சி கேட்டானென்றால்?

டைப் அடித்துக் கொண்டுவந்தார்கள். சங்கரபாண்டி வாங்கி மேலிருந்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தான். குவைத்தில் இத்தனை வருஷம் இருந்தவனுக்கு அவ்வளவு இங்கிலீஷ் தெரியும். உதடு அசைந்துகொண்டே வந்தது. லவ் என்ற இடத்தில் நின்றது. அஃபெக்‌ஷன் என்ற இடத்தில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றது. ஆபீஸர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கும்பிடாத சாமி இல்லை.

அவன் என் பக்கம் சாய்ந்து, மெதுவான குரலில் கேட்டான்.

"இது இங்கிலீஷ்லதான அண்ணாச்சி இருக்கும்? தமிழ்ல மாத்தமாட்டாங்கள்லா?"

"மாத்தமாட்டாங்க."

"அப்பம் சரி" என்று கையெழுத்துப் போட்டுவிட்டான்.

வெளியே வெயில் கொளுத்தியது. பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தோம். இந்தத் தடவை நான் நடுவில் இல்லை. இரண்டு எட்டு பின்னால் விட்டுவிட்டார்கள். ஆவுடையம்மாள் திடீரென்று நின்றாள்.

"ஏலே பாண்டி, கடைசியா ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்குனாங்கள்லா? அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். 'சொல்லிவிடாதீர்கள்' என்று கண் கெஞ்சியது.

"ஏதோ ரூல்ஸு" என்றான்.

அவள் என்னைப் பார்த்தாள். "அப்பிடியா அண்ணாச்சி?"

"ரூல்ஸ்தாம்மா" என்றேன்.

பொய்யில்லையே? ரூல்ஸில் இல்லாமல் இருந்திருந்தால், அதை எந்தத் தம்பி எழுதிக் கொடுக்கப் போகிறான்!